கையெழுத்துப் போடுவதற்கு முன்: வரிக்குக் கடிவாளம் போட்ட நான்கு மாநிலங்கள்

2025 கோடையில் ஒரு சனிக்கிழமை, ஒஹையோவில் இருக்கும் என் சித்தி மகன் ஃபோன் செய்தான். மளிகைக் கடை வாசலில் நின்றுகொண்டே பேசினான். அங்கே ஒரு பெரியவர் மடக்கு மேஜை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாராம். வீடு, நிலத்தின் மேல் சொத்து வரியே கூடாது என்று மாநில அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதைத் தேர்தல் சீட்டில் ஏற்ற அப்போது 4,13,487 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டியிருந்தது.

"அண்ணா, எஸ்க்ரோவில் பற்றாக்குறை என்று சொல்லி மாதத் தவணையில் முந்நூறு டாலர் ஏற்றிவிட்டார்கள். மனுஷர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. போட்டுவிடவா?"

(எஸ்க்ரோ என்பது, சொத்து வரி கட்டுவதற்காக வீட்டுக் கடன் தந்த வங்கி மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் பணம்.) ஒரு வாரம் பொறு என்றேன். அந்த வாரம் வாட்ஸ்அப்பில் அவனுக்குத் துண்டு துண்டாக அனுப்பியதைத்தான் இங்கே கோத்து எழுதுகிறேன்.

அவன் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. வீடு கொலம்பஸை ஒட்டிய டப்ளினில். (கலிஃபோர்னியாவிலும் ஒரு டப்ளின் உண்டு. அங்கேயும் நம் ஆட்கள் ஏராளம். அதுவும் இந்தக் கதையில் வரும்.) அவன் தெரு ஃப்ராங்க்ளின் கவுண்டிக்குள் (நம் மாவட்டம் மாதிரி) வருகிறது. அந்தக் கவுண்டியில் 2023 மறுமதிப்பீட்டில் வீடுகளின் மதிப்பு சராசரியாக 41 சதவீதம் ஏறியது. யாருக்கும் சம்பளம் அப்படி ஏறவில்லை. வீட்டை விற்றால்தான் அந்த மதிப்பு கையில் காசாகும், வரியை மட்டும் இப்போதே கட்ட வேண்டும். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒருவர் வெயிலில் மேஜை போட்டு உட்கார்ந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் இந்தக் கோபம் புதிதல்ல. அமெரிக்க மாநிலங்களில் பழமைவாதிகள் ஐம்பது வருடமாக இதைச் சட்டமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் 'வரிக் குறைப்பு இயக்கம்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கலிஃபோர்னியா வீட்டின் மதிப்பை உறைய வைத்தது. கொலராடோ மாநிலத்தின் மொத்த வரவுக்கு உச்சவரம்பு கட்டியது. கான்சஸ் வருமான வரியை வெட்டியது. மாசசூசெட்ஸ், ஊர் வசூலிக்கும் மொத்தத் தொகைக்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியை ஊராரிடமே கொடுத்தது. நான் பதினைந்து வருடமாகக் கொலராடோவில் இருக்கிறேன், அதற்கு முன் நான்கு வருடம் கலிஃபோர்னியாவில் வாடகைக்கு இருந்தேன். அதனால் என் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். எவ்வளவு வரி குறைந்தது என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். போட்ட சட்டம் தப்பு என்று தெரிந்தால் அதை யார் திருத்த முடியும், எத்தனை பேர் சேர வேண்டும் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

கலிஃபோர்னியாவிலிருந்து ஆரம்பிக்கிறேன், இந்த மடக்கு மேஜை வித்தையை நாடறியச் செய்தது அந்த மாநிலம்தான். வேடிக்கை என்னவென்றால், அங்கே நிலைமை முற்றியதற்கு ஒரு நல்ல சீர்திருத்தமும் காரணம். 1960களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் சொத்து மதிப்பீட்டாளர் லஞ்சம் வாங்கிக்கொண்டு கம்பெனிகளின் மதிப்பைக் குறைத்துக் காட்டியது அம்பலமானது. எல்லாச் சொத்தையும் சந்தை விலையில் ஒரே விகிதத்துக்கு மதிப்பிட வேண்டும் என்று 1966இல் சட்டம் வந்தது. அதுவரை வீட்டுக்காரர்களுக்குக் கண்டும் காணாமல் கிடைத்துவந்த சலுகை அதோடு போயிற்று. அடுத்த பத்து வருடத்தில் வீட்டு விலை தாறுமாறாக ஏற, வரியும் கூடவே ஏறியது. போதாக்குறைக்கு மாநில கஜானாவில் சுமார் 500 கோடி டாலர் உபரி சும்மா கிடந்தது. எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய மாதிரி.

ஹோவர்ட் ஜார்விஸ் அப்போது 74 வயதுக் கிழவர். லாஸ் ஏஞ்சலிஸ் அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்துக்காக வாதாடி வந்தவர். வரிக்கு எதிராக முன்பும் கையெழுத்து வாங்கித் தோற்றவர். இந்த முறை பால் கேன் என்பவரோடு சேர்ந்தார். சுமார் 5 லட்சம் கையெழுத்து போதும் என்ற இடத்தில் 12 லட்சத்துக்கு மேல் குவிந்தது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் எதிர்த்தார், ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. 1978 ஜூன் 6 அன்று இருவரும் கொண்டுவந்த 13ஆம் முன்மொழிவு ஏறத்தாழ 65 சதவீத வாக்குடன் வென்றது. முடிவு வந்ததும் பிரவுன் அப்படியே திரும்பி, அந்தச் சட்டத்தைத் தன் குழந்தை போலச் சீராட்ட ஆரம்பித்தது தனிக் கதை.

சட்டம் இதுதான். சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மதிப்பை 1975-76 நிலைக்குத் திருப்ப வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வீடு கை மாறினால் மட்டும் புது விலைக்கு மதிப்பிடலாம். மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சொத்து வரி வருவாய் ஒரே அடியில் 57 சதவீதம் விழுந்தது.

இதில் நல்லது எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் எவ்வளவு வரி வரும் என்று கலிஃபோர்னியா வீட்டுக்காரருக்கு இன்றைக்கே தெரியும். என் தம்பிக்கு வந்த மாதிரி திடீர் அடி அங்கே விழாது. கணவர் போன பிறகு தனியாக இருக்கும் ஒரு பாட்டி, வரிக்குப் பயந்து நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டை விற்க வேண்டியதில்லை. இது சின்ன விஷயம் இல்லை.

சரி, கெட்டது? லாஸ் ஏஞ்சலிஸின் பால்ட்வின் ஹில்ஸ் பகுதியில் 1988இல் ஒரு பெண் 1,70,000 டாலருக்கு ஒரு சாதாரண வீடு வாங்கினார். வரி சுமார் 1,700 டாலர் வந்தது. அதே குடியிருப்பில், அதே மாதிரி வீட்டில் 1975க்கு முன்பே குடிவந்தவர் கட்டியது 358 டாலர். மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் மாளிகையைப் பழைய காலத்தில் வாங்கிப் போட்டவரும் ஏறக்குறைய இந்தப் பெண் கட்டிய அளவுதான் கட்டினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1992இல் எட்டு நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். வாரன் பஃபெட் 2003இல் இதையே தன் கணக்கில் போட்டுக் காட்டினார். நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் 5 லட்சம் டாலர் வீட்டுக்குச் சுமார் 14,400 டாலர் வரி, கலிஃபோர்னியாவின் லகூனா பீச்சில் 40 லட்சம் டாலர் வீட்டுக்கு 2,264 டாலர். அப்போது ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகருக்குப் பொருளாதார ஆலோசகர் அவர். இன்னொரு முறை 13ஆம் முன்மொழிவைப் பற்றி வாயைத் திறந்தால் 500 சிட்-அப் எடுக்க வேண்டும் என்று ஸ்வார்ஸ்நெகர் சொல்லிவிட்டார். பஃபெட் அதன்பின் திறந்ததாகத் தெரியவில்லை.

வரி குறைந்தால் வாடகை குறையும் என்று ஜார்விஸ் சொல்லியிருந்தார். எதிர்பார்த்தபடி குறையவில்லை. லாஸ் ஏஞ்சலிஸிலும் சான்டா மோனிகாவிலும் வாடகைக் கட்டுப்பாடு வந்ததுதான் மிச்சம். சொத்து வரியில் விட்டதை ஊர்கள் வேறு வழியில் பிடிக்கப் பார்த்தன. புதுக் குடியிருப்புகளில் சாலைக்கும் பள்ளிக்கும் தனி வரி போட 1982இல் மெல்லோ-ரூஸ் என்ற சட்டம் வந்தது. கலிஃபோர்னியா டப்ளினில் புது வீடு வாங்கிய நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள், பெயரைச் சொன்னதுமே முகம் மாறும். மாநிலமோ பணக்காரர்களின் வருமான வரியை நம்பி வாழப் பழகிக்கொண்டது. பங்குச் சந்தை ஏறினால் கொண்டாட்டம், இறங்கினால் திண்டாட்டம். 2009 ஜூலையில் கையில் காசில்லாமல், தர வேண்டியவர்களுக்கு மாநிலம் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தது.

அப்படியானால் திருத்த வேண்டியதுதானே? 2020இல் பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டுமாவது சந்தை மதிப்பைக் கொண்டுவரலாம் என்று 15ஆம் முன்மொழிவு வந்தது, 52க்கு 48 என்ற கணக்கில் தோற்றது. அரசமைப்புச் சட்டத்தில் எழுதியாகிவிட்டது. பலன் அனுபவிப்பவர்கள் தவறாமல் வாக்களிக்கிறார்கள். இனி வீடு வாங்கப் போகிறவர்களில் பலர் அந்த மாநிலத்துக்கு இன்னும் வந்து சேரவே இல்லை.

அப்புறம் என் ஊர்.

கொலராடோவில் அக்டோபர் மாதம் தபால் பெட்டியில் ஒரு நீல அட்டைப் புத்தகம் வரும். ப்ளூ புக் என்போம். தேர்தல் சீட்டில் இருக்கும் ஒவ்வொரு முன்மொழிவையும் விளக்கி, ஆதரவு வாதம், எதிர் வாதம் என்று மாநிலமே அச்சடித்து அனுப்புகிறது. வாக்குச் சீட்டும் தபாலில்தான் வரும். இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு நானும் மனைவியும் இரண்டு மூன்று இரவு சண்டை போடுவோம். வரி உயர்வுக் கேள்வி என்றால் தூரத்திலிருந்தே தெரியும், முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். 'மாநில வரிகளை ஆண்டுக்கு இத்தனை டாலர் உயர்த்தலாமா' என்றுதான் அந்தக் கேள்வி தொடங்க வேண்டும், தொகை முன்னால் வர வேண்டும். அரசியல்வாதி தேன் தடவி எழுத முடியாது.

இதையெல்லாம் கட்டாயமாக்கியது டேபர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 'வரிகொடுப்போர் உரிமைச் சாசனம்'. எழுதியவர் டக்ளஸ் புரூஸ், கலிஃபோர்னியாவிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குக் குடிவந்த வழக்கறிஞர். 1988இல் தோற்றார், 1990இல் தோற்றார், 1992இல் சுமார் 54 சதவீதத்துடன் வென்றார். விடாப்பிடியான ஆள். பிற்காலத்தில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த நாளிலேயே ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரை உதைத்துக் கண்டனத் தீர்மானம் வாங்கினார், 2011இல் வரி ஏய்ப்பு வழக்கில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. சட்டத்தை எழுதியவரை வைத்துச் சட்டத்தை எடைபோடக் கூடாதுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டேபரில் இரண்டு பாகம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. முதல் பாகம், வாக்காளர் சம்மதம் இல்லாமல் எந்த வரியையும் உயர்த்தக் கூடாது. இதை நான் மனதார ஆதரிக்கிறேன். இரண்டாம் பாகம், மாநிலத்தின் வரவு பணவீக்கமும் மக்கள்தொகை வளர்ச்சியும் சேர்ந்த அளவுக்கு மேல் கூடக் கூடாது, கூடினால் மிச்சத்தை மக்களுக்கே திருப்ப வேண்டும். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. 2001 சரிவில் வரவு விழுந்தபோது இதன் சுயரூபம் தெரிந்தது. அடுத்த வருட உச்சவரம்பை விழுந்த தொகையிலிருந்து கணக்கிட வேண்டியிருந்தது. பொருளாதாரம் மீண்டாலும் பட்ஜெட் மீள முடியாது. பஞ்சத்தில் சுருங்கிய வயிற்றின் அளவுக்குத்தான் இனி என்றைக்கும் சோறு என்கிற கணக்கு. கடைசியில் குடியரசுக் கட்சி ஆளுநர் பில் ஓவன்ஸே முன்னின்று, ஐந்து வருடத்துக்கு உச்சவரம்பைத் தள்ளிவைத்து அந்தச் சுருக்கத்தையும் நீக்கும் வாக்கெடுப்பை 2005இல் கொண்டுவந்தார். 52 சதவீதத்துடன் தப்பித்தது. ஊர்களும் பள்ளி மாவட்டங்களும் தனித்தனியாக வாக்கெடுப்பு நடத்தித் தங்களை உச்சவரம்பிலிருந்து விடுவித்துக்கொண்டன. அதற்கு இங்கே 'டி-புரூசிங்' என்றே பெயர். புரூஸைக் கழற்றிவிடுவது.

புரூஸ் குடிவந்த கொலராடோ ஸ்பிரிங்ஸில் 2009 நவம்பரில் சொத்து வரி உயர்வை மக்கள் நிராகரித்தார்கள். 2008 சரிவில் விற்பனை வரி ஏற்கெனவே கரைந்திருந்தது. 2010இல் நகராட்சி தெருவிளக்குகளில் மூன்றில் ஒரு பங்கை அணைத்தது, பூங்காக் குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டது, போலீஸ் ஹெலிகாப்டர்களை விலைக்கு விட்டது. உன் வீட்டு வாசல் விளக்கு எரிய வேண்டுமா, நகராட்சிக்கு நீயே பணம் கட்டி அதைத் தத்தெடுத்துக்கொள் என்று திட்டமே போட்டார்கள். கிண்டல் செய்ய வசதியான கதை, நிறையப் பேர் செய்தார்கள். ஆனால் பின்கதையைப் பலரும் சொல்வதில்லை. 2015இல் புது மேயர் ஜான் சதர்ஸ், சாலைக்கு மட்டும், ஐந்து வருடத்துக்கு மட்டும் என்று சொல்லி 0.62 சதவீத விற்பனை வரி கேட்டார். அதே ஊர், அதே பழமைவாத வாக்காளர்கள், பெரிய வித்தியாசத்தில் சரி என்றார்கள். ஐந்து வருடம் முடியும்போது கொஞ்சம் குறைத்துக் கேட்டார், அதுவும் கிடைத்தது. எதற்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று தெளிவாகக் கேட்டால் மக்கள் கொடுக்கிறார்கள்.

உபரியைத் திருப்பித் தருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 கோடையில் எங்கள் வீட்டுக்கு மாநிலத்திடமிருந்து 1,500 டாலர் காசோலை வந்தது, தலைக்கு 750. வழக்கமாக அடுத்த ஆண்டு வருமான வரிக் கணக்கோடு வர வேண்டியது. நவம்பரில் தேர்தல், ஆகஸ்டில் காசோலை. அனுப்பியவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜேரட் போலிஸ். டேபரைப் பல வருடமாகத் திட்டிவந்த கட்சி அது. நான் சிரித்துக்கொண்டே வங்கியில் போட்டேன். அதே ஆண்டு ஜூலையிலிருந்து, ஆன்லைனில் சோப்பு ஒன்று வரவழைத்தாலும் ரசீதில் 27 சென்ட் டெலிவரிக் கட்டணம் ஏறியது. வரி என்றால் வாக்கெடுப்பு வேண்டும், கட்டணம் என்றால் வேண்டாம். கதவை அடைத்தால் ஜன்னல் வழியாக வருகிறார்கள். 2020இல் பெரிய கட்டணங்களுக்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று மக்கள் அந்த ஜன்னலுக்கும் ஒரு கம்பி போட்டார்கள். இப்படியே எலியும் பூனையுமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மேய்ன், நெப்ராஸ்கா, ஓரிகன், வாஷிங்டன் என்று பல மாநிலங்களில் டேபர் பாணிச் சட்டத்தைக் கொண்டுவரப் பார்த்தார்கள். எங்குமே மக்கள் ஏற்கவில்லை. அதே சமயம் கொலராடோவிலேயே, உபரியை மாநிலம் வைத்துக்கொள்ளட்டுமா என்று 2019இல் கேட்டபோதும், வேறு வடிவில் 2023இல் கேட்டபோதும், முடியாது என்றுதான் சொன்னோம்.

கான்சஸைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் அது அடித்தட்டு மக்கள் போட்ட சட்டமே இல்லை. 2012 மே மாதம் ஆளுநர் சாம் பிரவுன்பேக் கையெழுத்திட்டார். வருமான வரியின் உச்ச விகிதம் 6.45இலிருந்து 4.9 சதவீதமானது. எல்எல்சி போன்ற சிறு நிறுவனங்கள் வழியாக வரும் லாபத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது. வரி விகிதத்தைக் குறைத்தால் வரவு கூடவும் கூடும் என்று சொல்லும் லாஃபர் வளைவு புகழ் ஆர்தர் லாஃபர் ஆலோசகர். பொருளாதாரத்தின் இதயத்தில் போடும் அட்ரினலின் ஊசி என்று பிரவுன்பேக் எழுதினார். வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்த 'டீ பார்ட்டி' இயக்கத்தின் அலை ஓய்ந்திராத காலம் அது. அந்த ஆகஸ்டில் நடந்த கட்சி உள்தேர்தலில் மிதவாதக் குடியரசுக் கட்சிக்காரர்கள் பலர், மாநில செனட் தலைவர் உட்பட, சொந்தக் கட்சிக்காரர்களாலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மாநில வர்த்தகச் சபையும் 'அமெரிக்கன்ஸ் ஃபார் ப்ராஸ்பெரிட்டி' அமைப்பும் அதற்குத் தோள் கொடுத்தன.

வரவைக் குறைத்த அளவுக்குச் செலவைக் குறைக்கவில்லை. 2014 நிதியாண்டில் வரவு சுமார் 70 கோடி டாலர் விழுந்தது. கடன் தர மதிப்பீடு இறங்கியது. நெடுஞ்சாலை நிதியிலிருந்து எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். 2015இல் விற்பனை வரியை 6.5 சதவீதமாக ஏற்றினார்கள், அப்போது அந்த வரி அரிசி பருப்புக்கும் உண்டு. சம்பளக்காரர் வரி கட்ட, பக்கத்து வீட்டில் எல்எல்சி வைத்திருப்பவர் கட்டாமல் இருக்கிற வேடிக்கையை எந்தப் பழமைவாதக் கொள்கை ஏற்கும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. 2017 ஜூன் 6 அன்று, ஜார்விஸ் வென்ற அதே தேதியில், குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம் ஆளுநரின் வீட்டோவை மீறி அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை ரத்து செய்தது. நான்கில் மிக மோசமாகத் தோற்றது இதுதான், மிக எளிதாகத் திருத்தப்பட்டதும் இதுதான். சாதாரணச் சட்டம் என்பதால் ஐந்தே வருடத்தில் கதை முடிந்தது. கலிஃபோர்னியா மாதிரி அரசமைப்புச் சட்டத்தில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாசசூசெட்ஸ் என்றதும் என் தம்பி சிரித்தான். "அது லிபரல் மாநிலம் ஆச்சே அண்ணா?" ஆமாம். 'டாக்ஸசூசெட்ஸ்' என்று பட்டப்பெயர் வாங்கிய மாநிலம். அங்கேதான் 1980 நவம்பரில், பார்பரா ஆண்டர்சன் முகமாக இருந்து நடத்திய வரிக் கட்டுப்பாட்டு இயக்கம், 'இரண்டரை' என்று எல்லாரும் அழைக்கும் சட்டத்தை 59 சதவீத வாக்குடன் நிறைவேற்றியது. ஒரு டவுன் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி, ஊரின் மொத்தச் சொத்து மதிப்பில் இரண்டரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புதுக் கட்டடங்களால் வருவது போக, ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் கூட்டவும் கூடாது. கார் வரியையும் ஆயிரத்துக்கு 66 டாலரிலிருந்து 25 ஆக்கினார்கள்.

ஆரம்பம் வலித்தது. 1981இல் பாஸ்டனில் ஆசிரியர், போலீஸ்காரர், தீயணைப்பு வீரர் என்று பலருக்கு வேலை போனது. பிறகு நிலைமை படிந்தது, காரணம் அந்தச் சாவி. இரண்டரைக்கு மேல் வேண்டுமென்றால் டவுன் மக்களிடம் கேட்கலாம். கேள்வியில் தொகையையும் காரணத்தையும் சொல்ல வேண்டும். பாதிக்கு ஒரு வாக்கு கூடினால் போதும், மூன்றில் இரண்டு பங்கெல்லாம் தேவையில்லை. பள்ளிக் கட்டடம் மாதிரி ஒரே செலவு என்றால், கடன் தீரும் வரைக்கும் மட்டும் கூடுதலாக வசூலிக்கும்படி கேட்கலாம். தவிர, இது சாதாரணச் சட்டம், அரசமைப்புத் திருத்தம் அல்ல. சட்டமன்றம் அவ்வப்போது ஓரங்களைச் சீர்செய்தது, நடுவைத் தொடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வசதியான டவுன்கள் கேட்டதும் கொடுத்துவிடுகின்றன, ஏழை ஊர்கள் கேட்கவே அஞ்சுகின்றன, இடைவெளியை மாநில உதவி ஓரளவுதான் நிரப்புகிறது. பணவீக்கம் எட்டு ஒன்பது சதவீதம் போகிற வருடத்தில் இரண்டரை என்பது இறுக்கிப் பிடிக்கும். வசதியான நியூட்டனிலேயே 2023 மார்ச்சில் கூடுதல் வரிக் கேள்வி தோற்றது, 2024 ஜனவரியில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் பதினொரு பள்ளி நாள் போனது. இன்னொன்றையும் தம்பிக்கு அழுத்திச் சொன்னேன். கட்டுப்பாடு ஊரின் மொத்தத் தொகைக்குத்தான், தனி வீட்டின் பில்லுக்கு இல்லை. உன் தெரு மட்டும் மற்ற தெருக்களைவிட மவுசு ஏறினால் உன் பங்கு கூடத்தான் செய்யும்.

இருந்தாலும் நான்கில் எனக்கு இதுதான் முதலிடம். கொலராடோவின் முதல் பாகத்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் அது இரண்டாவது. கலிஃபோர்னியாவுக்கு மூன்றாவது இடம்கூட அந்தப் பாட்டியை நினைத்துத்தான் தருகிறேன். வரி பயத்திலிருந்து அவரைக் காப்பாற்ற, வயதுக்கும் வருமானத்துக்கும் ஏற்ற சலுகை கொடுத்திருந்தால் போதும். அவர் பெயரைச் சொல்லிக் கம்பெனிகளின் அலுவலகக் கட்டடங்களையும் சேர்த்துப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

இப்போது ஒஹையோ மேஜைக்கு வருவோம். அந்தப் பெரியவர் நீட்டிய தாள் இந்த நான்கில் எதுவுமே இல்லை. கட்டுப்பாடு கேட்கவில்லை, ஒழிப்புக் கேட்கிறது. ஒஹையோவிலும் ஒரு கடிவாளம் 1976லிருந்தே இருக்கிறது. மக்கள் வாக்களித்து ஏற்ற வரிகளில், வீட்டு மதிப்பு ஏறினால் விகிதம் தானாக இறங்கும், பழைய வீடுகளிலிருந்து வசூலாகும் மொத்தம் அதிகரிக்காது. பள்ளிக்குக் கூடுதலாக வேண்டுமென்றால் மறுபடி வாக்கெடுப்புக்கு வர வேண்டும். ஏறக்குறைய மாசசூசெட்ஸ் மாதிரிதான். ஆனால் அப்போது அதில் ஓட்டைகள் இருந்தன. வாக்கெடுப்பு இல்லாத ஒரு பகுதி வரிக்கு இந்தக் குறைப்புப் பொருந்தவில்லை. பள்ளி மாவட்டத்தின் விகிதம், வரிக்குரிய மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 20 டாலர் என்ற தரையைத் தொட்டுவிட்டால் அதற்குக் கீழே இறங்கவில்லை. அந்த மாவட்டங்களில் மதிப்பு ஏறியபோது வரியும் அப்படியே ஏறியது. மேஜை போட்டவர்களின் கோபத்தில் பாதி இந்த ஓட்டையிலிருந்து வந்தது, அடைக்கக்கூடிய ஓட்டைதான்.

முழுதாக ஒழித்தால் பள்ளிக்கு யார் தருவது? விற்பனை வரியோ வருமான வரியோ ஏற வேண்டும், அதைப் பிரித்துக் கொடுப்பது கொலம்பஸில் இருக்கும் மாநில அரசாக இருக்கும். 13ஆம் முன்மொழிவுக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் நடந்தது அதுதான், ஊரின் வருமானம் போனதும் அதிகாரம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போனது. உள்ளூர் விஷயத்தை உள்ளூர் ஆட்கள் முடிவு செய்ய வேண்டும் என்பது பழமைவாதிகளின் மூத்த கொள்கை. இந்தத் தாள் அதன் கழுத்தைத்தான் பிடிக்கிறது. எண்ணெய்ப் பணம் கொழிக்கும் வட டகோட்டாவிலேயே 2012இல் ஒருமுறை, 2024இல் ஒருமுறை சொத்து வரி ஒழிப்பை மக்களிடம் கேட்டார்கள். இரண்டு முறையும் பெரிய வித்தியாசத்தில் வேண்டாம் என்றார்கள்.

அதனால் போடாதே என்றேன். அந்த 20 தரையைச் சரிசெய்ய யாராவது தாள் கொண்டுவந்தால் போடு, எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

அடுத்த சனிக்கிழமை அவன் மறுபடி அந்தக் கடைக்குப் போனான். பெரியவர் அங்கேயே இருந்தார். பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று இவன் கேட்டிருக்கிறான். அதை சட்டமன்றக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாராம். அவர்களை நம்ப முடியாது என்றுதானே மேஜை போட்டிருக்கிறீர்கள் என்று இவன் கேட்க, அவர் சிரித்துவிட்டு, வெயிலாக இருக்கிறது என்று ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தாராம். கையெழுத்துப் போடாமல் கால் மணி நேரம் பேசிவிட்டு வந்திருக்கிறான்.

எல்லாம் சரி, மதிப்பீடு அதிகம் என்று மேல்முறையீடு செய்தாயா என்று கேட்டேன். ஒஹையோவில் அதற்கு ஒரு படிவம் உண்டு, கவுண்டி ஆடிட்டரிடம் கொடுத்தால் மறுசீராய்வுக் குழு விசாரிக்கும். கடைசி நாள் மார்ச் 31. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அப்போது இருந்த இரண்டரை சதவீதக் கழிவு பில்லில் இருக்கிறதா என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அண்ணா, அந்தப் பில்லை நான் இதுவரை திறந்தே பார்த்ததில்லை, எஸ்க்ரோவிலிருந்து பேங்க்தானே கட்டுகிறது" என்றான். ஜனவரிக்கு ஃபோனில் ரிமைண்டர் வைத்திருக்கிறான்.